ஈரல் டாக்டரைப் பிடித்த டிரைவர்

எங்கள் ஆஸ்பத்திரியின் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு வரி இருக்கிறது. 'குழந்தைகளுக்கான வயிறு, ஈரல் நோய்ப் பிரிவுக்குத் தகுந்த நிபுணரைத் தேடிப்பிடித்து அமர்த்திய பெருமை நமது செயலாளர் அவர்களையே சாரும்.' இதைத் தட்டச்சு செய்தவள் நான். எனக்கு வந்த கோபத்தில் 'பெருமை' இருந்த இடத்தில் காகிதம் ஓட்டை விழுந்து, வேறு தாள் மாற்றி முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அந்த டாக்டரைப் பிடித்தது செயலாளர் அல்ல, வண்டி ஓட்டும் கருப்பண்ணன். மலரில் அவர் பெயர் வராது என்பதால் இங்கே நான் எழுதி வைக்கிறேன்.

கருப்பண்ணன் பிறந்தது பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில். அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலி. நாளெல்லாம் கொடிக்கால் சேற்றில் நிற்பது மகனுக்குப் பிடிக்கவில்லை. பதினேழு வயதில் நாமக்கல் லாரி ஒன்றில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். இருபத்து மூன்றில் ஸ்டீயரிங் கைக்கு வந்தது. நாக்பூர், கல்கத்தா என்று சுற்றியதில் இந்தியும் வந்தது. ஆனால் அவர் இந்தி பேசினாலும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும். மோகனூர்க்காரி பழனியம்மாளைக் கட்டினார். அவளுக்குக் கை சுத்தம், வாய் கொஞ்சம் கூர்மை, வீடு எப்போதும் துடைத்து வைத்தாற்போல் இருக்கும்.

இரண்டு பையன்கள் பிறந்தார்கள். மூத்தவன் குழந்தைவேல், இளையவன் கந்தன். இருவருமே ஒரு வயது வரை நன்றாக இருந்தார்கள். அப்புறம் வயிறு உப்பியது, சோறு பிடிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை, கடைசியில் கண் மஞ்சளானது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஈரல் கட்டி என்று பெயர். பச்சிலை பார்த்தார்கள், கோயில் போனார்கள், ஈரோடு போனார்கள். எழுபத்தாறில் மூத்தவன் போனான். எழுபத்தொன்பதில் இளையவனை மெட்ராஸ் வரை தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே ஒரு டாக்டர், குழந்தைகளின் ஈரலுக்கென்றே தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் பக்கம் ஒருவரும் இல்லை என்றாராம். இளையவனும் நிற்கவில்லை. இருவருமே இரண்டு வயதைப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷமே லாரியை விட்டுவிட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு டிரைவர் வேலை கேட்டு வந்தார். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி, சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் இருக்கிறது. நல்ல லாரி வேலையை ஏன் விட்டாய் என்று செயலாளர் கேட்டதற்கு, "டாக்டருங்க இருக்கற எடத்துல இருந்துக்கறனுங்க" என்றார்.

செயலாளர் நாச்சிமுத்து நல்ல மனிதர்தான். தோட்டம் துரவு, நாலு பஸ், ஊரில் சொல்வாக்கு எல்லாம் உண்டு. கல்லூரியைப் பார்வையிட வந்த குழு, குழந்தைகளின் வயிற்று நோய்க்கும் ஈரல் நோய்க்கும் ஒரு நிபுணர் கட்டாயம் வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனது. எண்பத்திரண்டில் முதல் விளம்பரத்தை அடித்துக் கொடுத்தேன். அப்படிப் படித்தவர்கள் அன்றைக்கு நாட்டிலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். இரண்டு வருஷத்தில் வந்தவர்கள் மூன்றே பேர். மூவரையும் ஜங்ஷனிலிருந்து அழைத்து வந்ததும் கருப்பண்ணன், திரும்பக் கொண்டுபோய் ஏற்றிவிட்டதும் கருப்பண்ணன்.

முதலாமவர் சித்திரை வெயிலில் வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போதே கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். இரண்டாமவரோடு அவர் மனைவியும் வந்தார், போகும்வரை பள்ளிக்கூடத்தைப் பற்றியே கேட்டார். மூன்றாமவர் வந்த பாதையில் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரி ஒன்று இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு அரைத்த தண்ணீர் புளித்துக் கிடக்கும். அந்த நாற்றத்தில் மூக்கைப் பிடித்தவர், மறுபடி ரயில் ஏறும்வரை கையை எடுக்கவில்லை. 'கடிதம் எழுதுகிறேன்' என்று மூவருமே சொன்னார்கள். ஒருவரும் எழுதவில்லை.

செயலாளர் ஆள் பிடிக்கும் முறையைச் சொன்னால் சிரிப்பு வரும். முதலில் எந்த ஊர், யார் வகை என்று கேட்பார். அப்புறம் புதிதாக எழும்பும் நாலு மாடிக் கட்டடத்தைக் காட்டுவார். கம்பி எத்தனை டன், சிமெண்ட் எந்த ஊர் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். கடைசியில் ஒரு கூடை மாம்பழம் கொடுத்து அனுப்புவார். குழந்தைகள் வார்டுப் பக்கம் மட்டும் கூட்டிப் போகமாட்டார். அங்கே சுவர் காரை பெயர்ந்திருக்கிறதாம்.

மூன்றாமவரும் போன அன்று கருப்பண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"டைப்பிஸ்டம்மா, ஒன்னு சொல்றனுங்க. கட்டடத்தைக் காட்டுனா இன்ஜினீயருதான் வருவாரு. டாக்டரு வரோணும்னா புள்ளைங்களைக் காட்டோணுமுங்க."

"இதை செயலாளர்கிட்டப் போயிச் சொல்லுங்களேன்."

"நானெங்கீங்க சொல்றது" என்று சிரித்தார். ஆனால் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தார். அந்த எண்பத்துநாலு மாசியில்தான் அவருக்கு மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அங்காளம்மாள் என்று பெயர். "இது அந்த வயசுக்கு வர்றக்குள்ள ஒரு டாக்டரு வந்து சேந்துட்டாப் போதுமுங்க" என்றார். அந்த வயசு என்றால் எந்த வயசு என்று நான் கேட்கவில்லை.

புரட்டாசியில் மறுபடி வந்தார். குழந்தையின் வயிற்றில் வலது பக்கம் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்று பழனியம்மாள் சொல்கிறாளாம். எங்கள் ஆஸ்பத்திரிக் குழந்தை டாக்டரிடம் காட்டியதற்கு, ஒன்றுமில்லை என்று டானிக் எழுதிக் கொடுத்தாராம். லாரியில் கல்கத்தா போய் வந்த மனிதர் என் டைப்ரைட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நல்லவேளையாக அந்த மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. டாக்டர் தமயந்தி, திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், பூனாவில் குழந்தைகளின் ஈரல் நோயிலேயே பயிற்சி பெற்றவர். ஐப்பசி முதல் வாரம் நேர்முகம். பெண் டாக்டர் வருவதால் துணைக்கு என்னையும் வண்டியில் போகச் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கதை எனக்கு முழுசாகத் தெரியும்.

கருப்பண்ணன் ஒரு வாரமாகவே ஆயத்தம் செய்திருந்தார். சேகோ பேக்டரி இல்லாத பாதையாக ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார். முந்தின நாள் மழை பெய்து ஏற்காட்டு மலை கழுவி விட்டாற்போல் தெரிந்தது. ஒரு வளைவில் வண்டியை வேண்டுமென்றே மெதுவாக்கி, "இங்கிருந்து அரை நாள்ல மேல போயி வந்துரலாமுங்க. எப்பவும் குளுகுளுன்னு இருக்குமுங்க" என்றார். டாக்டர் மலையைப் பார்க்கவில்லை. மடியில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஒற்றைச் சங்கிலி, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம்.

நேர்முகம் வழக்கம்போலவே நடந்தது. எந்த ஊர், யார் வகை, கல்யாணம் ஆகிவிட்டதா, கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவீர்களா, பிறகு கட்டடம். மூன்று மணிக்கு வெளியே வந்த டாக்டர், "கடிதம் எழுதுறேன்" என்றார். நான் கருப்பண்ணன் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டேன். மாம்பழக் காலம் இல்லை என்பதால் செயலாளர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்.

மெட்ராஸ் ரயில் ஐந்தரைக்கு. வண்டி கொஞ்ச தூரம் போனதும் கருப்பண்ணன் தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. போற வழியிலதானுங்க என்ற ஊடு. ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க. என்ற ஊட்டுக்காரி காத்தால புடிச்சு வழி பாத்துக்கிட்டு இருக்கறா."

வழியில் இல்லை. சாலையை விட்டு ஒன்றரை மைல் உள்ளே. நான் காட்டிக்கொடுக்கவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, சரி என்றார்.

பின்னால்தான் எனக்குத் தெரிந்தது: கருப்பண்ணன் மனைவியிடம் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். காப்பி கொடுக்கலாம், முறுக்கு கொடுக்கலாம், குழந்தையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. வேலை பார்க்க வந்தவரை வீட்டுக்கு இழுத்து வந்து நம் பிள்ளையைக் காட்டுவது அழகல்ல என்பது அவர் கணக்கு. சரியான வீம்பு. எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் வண்டியிலேயே திட்டியிருப்பேன்.

பழனியம்மாள் சொன்ன சொல் தட்டவில்லை. குழந்தையைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. டாக்டரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். "காப்பி கலக்கோணும், செத்த புடிங்க டாக்டரம்மா" என்று குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கருப்பண்ணன் கதவோரம் கல்லாக நின்றார்.

டாக்டர்களின் கை சும்மா இருக்காது. குழந்தையின் கன்னத்தைத் தட்டி, சட்டையைத் தூக்கி, வயிற்றில் விரலை ஓட்டினார். வலது விலாவுக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது. மறுபடி அழுத்திப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் முகத்தில் விருந்தாளி இல்லை.

"குழந்தைக்கு என்ன பால் கொடுக்கிறீங்க?"

அடுப்படியிலிருந்து பழனியம்மாள் வெளியே வந்தாள். கையில் பித்தளைப் போசி. எங்கள் பக்கம் முதல் பிள்ளை பிறந்தால் தாய்வீட்டில் பால் காய்ச்ச ஒரு போசி சீர் கொடுப்பார்கள். பிள்ளையின் பாலைத் தவிர வேறெதையும் அதில் ஊற்றமாட்டார்கள். டாக்டர் வருகிறார் என்று அன்று காலை புளி போட்டு இரண்டு தடவை தேய்த்திருந்தாள். போசி பொன்னாட்டம் மின்னியது.

"மாட்டுப் பாலுங்க. தாய்ப்பாலுல தோசம் இருக்குதுன்னு சொன்னாங்க. அதனால இவளுக்குப் பொறந்த பத்தாம் நாளே நிறுத்திப்போட்டேன். எங்கப்பன் சீருக் குடுத்த போசி இது. தெனம் புளி போட்டு வெளக்கித்தான் காச்சறதுங்க. எவர்சில்வருல ஊத்தறதே இல்லீங்க."

"இதுக்கு முன்னால பிறந்த குழந்தைங்க?"

பழனியம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். இரண்டு பையன்கள், எந்த மாதம் வயிறு உப்பியது, எந்த மாதம் கண் மஞ்சளானது, எல்லாம். இருவருக்கும் இதே போசிதான் என்றாள்.

டாக்டர் குழந்தையின் தலையைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். பித்தளையில் செம்பு இருக்கிறது. பால் அதில் கொதித்து அப்படியே கிடந்தால் செம்பு பாலில் இறங்கும். சில குழந்தைகளின் ஈரலில் அது தங்கிவிடுகிறது. பூனாவில் இதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை, ஏன் என்று இன்னும் முழுசாகத் தெரியாது. ஆனால் இன்றிலிருந்து இதில் பால் வேண்டாம்.

பழனியம்மாள் கையிலிருந்த போசியைப் பார்த்தாள். அப்புறம் அதைத் தரையில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நாந்தான் என்ற பசங்களைக் கொன்னுபோட்டனுங்களா?"

என் வீட்டிலும் ஒரு போசி இருந்தது. என் பிள்ளைகளும் அந்தப் பாலைக் குடித்தே வளர்ந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் எந்த விதத்தில் என்னைவிடக் குறைந்து போனாள்?

டாக்டர் குழந்தையோடு நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க இல்லம்மா. இதைத் தெரிஞ்சவங்க நாங்க பூனாவுல உக்காந்து எங்களுக்குள்ள பேசிக்கிட்டு இருந்தோம். இங்க வந்து உங்ககிட்ட ஒருத்தரும் சொல்லல. அது உங்க தப்பு இல்ல."

"எம்புள்ளை பொழைக்குமுங்களா?"

"இப்பத்தான் தொடக்கம். நான் நெனைக்கிறேன், பொழைக்கும். ஆனா மாசாமாசம் யாராவது பாக்கணும்."

யாராவது. எங்கள் பக்கம் இல்லாதது அந்த யாராவதுதான். அப்போது கருப்பண்ணன் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபமும் மரியாதையும் சேர்ந்தே வருகிறது. காலில் விழுந்து, இருங்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டாக்டரம்மா, வண்டிக்கு நேரமாயிருச்சுங்க. கெளம்பலாமுங்களா?" என்றார்.

டாக்டர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "இந்தத் தெருவுல கைக்குழந்தை இருக்கிற வீடு எத்தனை இருக்கும்?"

"பத்துப் பதினஞ்சு இருக்குமுங்க."

"எல்லா வீட்டுலயும் இந்தப் பாத்திரம் உண்டா?"

"பொண்ணைக் குடுத்தவங்க சும்மா உடுவாங்களா? இருக்குமுங்க."

டாக்டர் எழுந்தார். அடுப்படியில் காப்பி ஆறிக் கிடந்தது. கருப்பண்ணன் முன்னால் போக, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பழனியம்மாள் பின்னால் போக, வீடு வீடாக ஏறி இறங்கினார். பதினொரு வீடு. ஏழு வீட்டில் போசி. இரண்டு குழந்தைகளுக்கு ஈரல் கையில் தட்டுப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் பெயர், வயது, பால், பாத்திரம் என்று அந்தத் தடிப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். மலையைக் காட்டியபோது திரும்பாத கண் இப்போது எதையும் விடவில்லை. கடைசி வீட்டை விட்டு வெளியே வந்தபோது மணி ஆறேகால்.

"அடுத்த ரயில் எப்ப?" என்றார்.

"நாளைக்கு இருக்குதுங்க" என்றார் கருப்பண்ணன். கொஞ்சம் யோசித்து, "நாளான்னிக்கும் இருக்குதுங்க. தெனமுமே இருக்குதுங்க" என்றார்.

டாக்டர் சிரித்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

நர்ஸ் விடுதியில் தங்கினார். மறுநாள் கருப்பண்ணனிடம் கேட்டுக்கொண்டு நேராக வார்டுக்குப் போனார், காரை பெயர்ந்த அந்தச் சுவருக்குள்ளேயே. நாலாம் நாள் செயலாளர் அறைக்குள் நுழைந்து, சேர்ந்துகொள்கிறேன் என்றார். நாச்சிமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கட்டடம் புடிச்சிருந்துதுங்களா?"

"எந்தக் கட்டடம்?" என்றார் டாக்டர்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வாரம் இரண்டு நாள் வேனும், ஓட்டுவதற்குக் கருப்பண்ணனும். நியமன உத்தரவில் அந்த நிபந்தனையைத் தனிப் பத்தியாக அடித்தேன். ஒரு பிழைகூட விழவில்லை.

பழனியம்மாள் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. சமைப்பாள், குழந்தைக்கு எவர்சில்வர் பாத்திரத்தில் பால் காய்ச்சுவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அவளை மீட்டது மருந்தல்ல, வேன்தான். டாக்டர் ஊர் ஊராகப் போய்ப் போசியை எடுத்து வையுங்கள் என்று சொன்னால் பெண்கள் கேட்பதாக இல்லை. ராசிபுரம் பக்கம் ஒருத்தி, "எங்கப்பன் குடுத்த சீரைக் குத்தஞ் சொல்ல நீங்க யாருங்க?" என்று எகிறினாளாம். அன்று கருப்பண்ணன் எதற்கோ மனைவியையும் கூட்டிப் போயிருந்தார். வேனுக்குள் இருந்த பழனியம்மாள் இறங்கி வந்து, "எனக்கும் எங்கப்பன் குடுத்ததுதான் கண்ணு. அதுல காச்சுன பாலைக் குடிச்சு ரெண்டு பசங்க போயிட்டாங்க. இவளை மட்டும் காப்பாத்தி வெச்சிருக்கறேன்" என்று இடுப்பிலிருந்த குழந்தையைக் காட்டினாள். அந்த வீட்டில் போசி அப்போதே பரணுக்கு ஏறியது. அன்றிலிருந்து வேன் கிளம்பினால் பழனியம்மாளுக்கு ஒரு இடம் உண்டு. வாயும் பழையபடி கூர்மையாகிவிட்டது. புருஷன் வேகமாக ஓட்டினால் டாக்டர் முன்னாலேயே வசவு விழும்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகப்போகிறது. டாக்டர் தமயந்தி இங்கேயே இருக்கிறார். இப்போது அந்தப் பிரிவில் படிக்க வெளியூரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டாவதாக ஒரு நிபுணரைத் தேடியபோது செயலாளர் என்னைக் கூப்பிட்டு, விளம்பரம் அடிப்பதற்கு முன்னால் கருப்பண்ணனை ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னார். மலரில் போடாவிட்டாலும் மனிதருக்கு விஷயம் தெரிந்துதான் இருக்கிறது.

எனக்கு மறக்காதது எண்பத்தைந்து புரட்டாசியில் ஒரு நாள். அங்காளம்மாளுக்குப் பத்தொன்பது மாதம் நடந்துகொண்டிருந்தது. புறநோயாளிப் பிரிவில் நல்ல கூட்டம். நான் ஏதோ கையெழுத்துக்காகப் போயிருந்தேன். டாக்டர் குழந்தையைப் படுக்கவைத்து, வயிற்றை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஈரல் கைக்கே தட்டுப்படல" என்றார். பழனியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தச் சந்தடியில் குழந்தை மேசையிலிருந்து வழுக்கி இறங்கி, கதவைத் தாண்டி நடைக்கூடத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. சட்டை ஒரு பக்கம், கொலுசு ஒரு பக்கம்.

"கருப்பண்ணன், பிடிங்க!" என்று டாக்டர் கத்தினார்.

கருப்பண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். குழந்தை அவர் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று. அவர் கையை நீட்டவில்லை.

"உட்ருங்க டாக்டரம்மா" என்றார். "பசங்க ரெண்டு பேரும் இந்த வயசுல நடந்தாங்க. ஓடுனதில்லீங்க."

டாக்டர் அடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வரிசையில் இருந்த பெண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். குழந்தை அந்தக் கடைசி வரைக்கும் ஓடி, சுவரைத் தொட்டுவிட்டு, திரும்பி எங்களைப் பார்த்து ஓடி வந்தது.